அந்தப் பிள்ளை எதையும் பார்க்கவில்லை

2012 முதல் சில ஆண்டுகள் கோவில்பட்டியில் ஒரு கணினிக் கடையில் வேலை பார்த்தேன். முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷினும் பிரிண்டரும். பின்பக்கம் பிளைவுட் தடுப்புக்குள் சர்வீஸ். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முன்னால் கல்லாவில் இருப்பார், நான் தடுப்புக்குள். சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: “வைரஸ் ஏறிருச்சு.”

திறந்து பார்த்தால் பல நேரம் அது வைரஸாக இருக்காது. பிரவுசரின் தலையில் டூல்பார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஹோம்பேஜ் ஏதோ பெயர் தெரியாத தேடுபக்கமாக மாறியிருக்கும். பரீட்சை முடிவு பார்க்கப் போனால் நடுவில் சூதாட்ட விளம்பரம் குதிக்கும். செய்தித்தாள் பக்கத்தில் சாதாரணச் சொற்களுக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கும். அம்பைக் கொண்டுபோய் வைத்தாலே ஒரு பெட்டி விரியும். ஆட்வேர் வேலை அது. ஃபைல்களை அழிக்காது, மெஷினை முடக்காது. ஆனால் பிரவுசரைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகப் போகிற வருகிற எல்லாவற்றிலும் விளம்பரத்தைச் செருகிக் காசு பார்க்கும்.

அந்தக் காலம் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெரிய திருப்பமாக இருந்தது. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்த ஓரிரு வருடங்களில் எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில், அதுவரை கணினியே நுழைந்திராத வீடுகளில் லேப்டாப் வந்தது. பல வீடுகளில் அதன் முதல் சொந்தக்காரி ஒரு பெண்பிள்ளை. கூடவே ஒரு நெட்செட்டர் வாங்கிச் செருகினால் இணையம். இதை நான் இன்றும் பெரிய காரியமாகத்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த லேப்டாப்பைக் கையில் கொடுத்தவர்கள் யாரும், ‘நெக்ஸ்ட்’ என்ற பொத்தானை அழுத்தும்போது எதற்குச் சம்மதம் தருகிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெரும்பாலும் பாட்டில்தான் தொடங்கும். பாட்டு இறக்கும் தளத்துக்குப் போனால் பச்சை நிறத்தில் பெரிதாக ‘டவுன்லோட்’ என்று மூன்று நான்கு பொத்தான்கள் இருக்கும். அத்தனையும் விளம்பரம். உண்மையான இணைப்பு கீழே எங்கோ சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். பச்சையை அழுத்தினால் பாட்டுக்குப் பதிலாக ஒரு நிறுவி இறங்கும். அதை ஓட்டினால் இரண்டு வழி கேட்கும்: விரைவாக நிறுவுவது, விரும்பியபடி நிறுவுவது. முதல் வழியின் பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதி, புள்ளியும் அதிலேயே வைத்திருப்பார்கள். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே டிக் போட்டு வைத்திருக்கும் மற்ற பெட்டிகள் கண்ணில் படும். டூல்பார் ஒன்று, ஹோம்பேஜ் மாற்றம் ஒன்று, ‘கணினியை வேகமாக்கும்’ நிரல் ஒன்று. ஒவ்வொரு நிறுவலுக்கும் விளம்பரக் கம்பெனி நிறுவியைச் செய்தவருக்குப் பணம் தரும். ஆகவே எத்தனை பெட்டிகளை ஒரே நிறுவிக்குள் திணிக்க முடியுமோ அத்தனையும் திணித்தார்கள். எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் வக்கீல் ஆங்கிலத்தில். பதினேழு வயதுத் தமிழ்வழி மாணவி அதைப் படித்துச் சம்மதித்தாள் என்று எந்த நியாயத்தை வைத்துச் சொல்ல முடியும்?

ஒருநாள் மத்தியானம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். மகள் கல்லூரியில் முதல் வருடம். அண்ணாச்சியிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே தடுப்புக்குள் வந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

“அசிங்க அசிங்கமாப் படம் வருது தம்பி. இவகிட்டக் கேட்டா நான் ஒண்ணும் பாக்கலங்கா. பாக்காம எப்படித் தம்பி வரும்?”

அந்தப் பிள்ளை தடுப்புக்கு வெளியே சுவரைப் பார்த்தபடி நின்றது. முகம் வீங்கியிருந்தது. வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று கேட்கத் தேவையில்லை. லேப்டாப்பை எடுத்து வைத்துவிடுவது, கல்லூரியை நிறுத்துவது என்ற பேச்செல்லாம் வந்துவிட்டதாக அப்பாவே பிறகு சொன்னார்.

நான் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, நிறுவிய நிரல்களின் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கினேன். ஆட்வேர் எடுக்கிற எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. பாதி உண்மை அங்கேயே கிடைத்துவிடும். வீடியோவைப் பாட்டாக மாற்றித் தரும் ஓர் இலவச நிரல், அதே தேதியில் ஒரு டூல்பார், அதே தேதியில் ‘தள்ளுபடிக் கூப்பன்’ காட்டும் நிரல், அதே தேதியில் வேறொன்று. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய் அவை உருவான நேரத்தைப் பார்த்தால், எல்லாம் ஒரே இரவில் சில நிமிடங்களுக்குள் வந்தவை.

“இந்தப் பாட்டு மாத்துறத எதுக்கும்மா போட்டீங்க?” என்று வெளியே பார்த்துக் கேட்டேன்.

“ஆண்டு விழா டான்ஸுக்குச் சார். எல்லாரும் அதுலதான் எடுத்தாங்க.”

அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தத் தேதியையும் நேரத்தையும் விரலால் தொட்டுக் காட்டினேன். “ஐயா, பிள்ளை போட்டது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் இதுகூட ஒட்டிக்கிட்டுத் தானா ஏறுனது. இந்தக் கூப்பன் நிரல் இருக்கிற வரைக்கும், நீங்க இதுல பஞ்சாங்கம் பாத்தாலும் இந்தப் படம்தான் வரும்.” சொல்வதோடு நிறுத்தவில்லை. மின்வாரியத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அதன் ஓரத்திலும் அதே படம் வந்தது. நல்ல விளம்பரம் கொடுக்கிற கம்பெனிகள் இந்த மாதிரி நிரல்களின் பக்கம் வருவதில்லை. யார் காசு கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற மலிவான விளம்பர வலைகள்தான் வரும். திரையில் ஆபாசம் தெரிவதற்கு அந்த வணிகம்தான் காரணம். முன்னால் உட்கார்ந்திருப்பவரின் புத்தி காரணமில்லை.

அவர் அந்த மின்வாரியப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளை உள்ளே கூப்பிட்டு, “நீயும் பாரு, இந்தத் தம்பி எப்படி எடுக்குதுன்னு கத்துக்கோ” என்றார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லாத ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பிள்ளை கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, நோட்டில் குறித்துக்கொண்டும் போனது.

இதே வெட்கம் வேறு வடிவங்களிலும் வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பாமினி எழுத்துருவில் ஊர்க் கோவில் வரலாற்றைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தவர், மாதக்கணக்கில் கணினியைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தார். மருமகள் பார்த்துவிட்டால் என்ன நினைப்பாள் என்ற பயம். இலவச எழுத்துரு தேடிப் போன இடத்தில் ஒட்டிய ஆட்வேர் அது. எழுபது வயதை நெருங்கும் மனிதர் தன் எழுத்து வேலையையே நிறுத்திவிடும் அளவுக்கு ஒரு விளம்பர நிரல் செய்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்தத் தொழில் ஏற்படுத்திய சேதத்தைக் கணக்கிடுகிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எடுக்கிற வேலைக்கு வருகிறேன். கண்ட்ரோல் பேனலில் நீக்கிவிட்டால் போய்விடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நீக்கப் போனால் ‘உண்மையிலேயே நீக்க வேண்டுமா’ என்று கேட்கும். பெரிய வண்ணப் பொத்தான் வைத்துக்கொள்வதற்கு, மங்கிய சின்ன எழுத்து நீக்குவதற்கு. சில நிரல்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கும். அவசரமாக ‘யெஸ்’ அழுத்தினால் வைத்துக்கொள்வதாக அர்த்தம். ஒரு சொல்லைக் கூட விடாமல் படித்துத்தான் அழுத்த வேண்டும். நீக்கி முடித்து மெஷினை மறுபடி ஆன் செய்தால் பழைய பக்கமே வந்து நிற்கும். “சீமைக்கருவைய வெட்டுன மாதிரில்லா இருக்கு, தூர்ல இருந்து திரும்ப வருதே” என்றார் ஒரு விவசாயி. அதன் தூர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடுவதுதான் என் வேலையாக இருந்தது.

முதல் இடம் எக்ஸ்டென்ஷன்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இதற்கு ஒரு பழைய கதவு உண்டு. 1997இல் வந்த நான்காம் பதிப்பிலேயே மற்றவர்களின் நிரல் பிரவுசருக்குள் ஓட மைக்ரோசாஃப்ட் வழி செய்தது. நல்ல நோக்கத்தில் திறந்த அந்தக் கதவு வழியாகத்தான் பல ஆண்டுகள் டூல்பார்கள் உள்ளே வந்தன. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, தெரியாத ஒவ்வொன்றையும் எடுப்பேன். பிறகு தேடுபொறிப் பட்டியல், ஹோம்பேஜ், தொடங்கும்போது திறக்கும் பக்கம். இந்த மூன்றும் தனித்தனி அமைப்புகள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் பயன் இல்லை.

இவ்வளவு செய்தும் திரும்ப வந்த ஒரு மெஷின் நினைவில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் இல்லை, அமைப்புகளெல்லாம் சரி. ஆனால் குரோமைத் திறந்தால் அந்தத் தேடுபக்கம். கடைசியில் டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். டார்கெட் என்ற பெட்டியில் குரோமின் ஃபைல் பெயர் முடிந்ததும் ஓர் இடைவெளி, அதன் பின்னால் அந்தத் தேடுபக்கத்தின் முகவரி. பிரவுசருக்குள் எதையுமே தொடாமல், பிரவுசரைத் திறக்கும் ஷார்ட்கட்டை மாற்றி வைத்திருந்தார்கள். டெஸ்க்டாப், ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் மூன்றிலும் அப்படியே. மூன்றிலும் அந்த வாலை அழித்தேன். மறுநாள் காலை திரும்பவும் இருந்தது! டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால், ‘அப்டேட்’ என்று நல்ல பெயர் சூட்டிய ஒரு வேலை, யாராவது லாகின் செய்யும்போதெல்லாம் ஷார்ட்கட்டை மறுபடி எழுதிக்கொண்டிருந்தது. அதை அழித்த பிறகுதான் மெஷின் சுத்தமானது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கிடைத்த நிறைவை இப்போதும் உணர முடிகிறது.

அதன் பிறகு வரிசை எனக்கு மனப்பாடம் ஆனது. ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்’ சாவிகள், சர்வீஸ்கள், ஹோஸ்ட்ஸ் ஃபைல், ப்ராக்ஸி அமைப்பு. ப்ராக்ஸியை மாற்றியிருக்கும் ஆட்வேரை எடுத்துவிட்டு அந்த அமைப்பைத் திருத்தாமல் விட்டால் இணையமே நின்றுபோகும். “நெட்டு போயிருச்சே” என்று வாடிக்கையாளர் திரும்பி வருவார். குரோமில் கம்பெனி நிர்வாகிகளுக்கென்று இருக்கும் ‘பாலிசி’ சாவிகளையும் இவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அப்படிப் போட்ட எக்ஸ்டென்ஷனுக்கு நீக்கும் பொத்தானே வேலை செய்யாது. வீட்டு லேப்டாப்பில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று குரோம் சொன்னால், பாலிசியில் ஏதோ கைவைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சில ஆன்டிவைரஸ்களும் பாலிசி வைப்பது உண்டு என்பதால் பார்த்துத்தான் அழிக்க வேண்டும்.

கருவிகளும் துணைக்கு இருந்தன. நெதர்லாந்து மாணவர் மெரைன் பெல்லெகோம் எழுதிய ஹைஜாக்திஸ் என்ற சின்ன நிரல், பிரவுசரைப் பிடிக்கும் இடங்களையெல்லாம் வரிசையாக எழுதிக் காட்டும். ஆர்0, ஆர்1 என்றால் ஹோம்பேஜ், ஓ2 என்றால் எக்ஸ்ப்ளோரரின் துணை நிரல், ஓ4 என்றால் தானாகத் தொடங்குபவை. எது கெட்டது என்று அது சொல்லாது. படிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை 2007இல் டிரெண்ட் மைக்ரோ வாங்கியது. பிறகு பிரான்சைச் சேர்ந்த ஒருவர் எழுதிய ஆட்வ்கிளீனர் வந்தது; ஷார்ட்கட் வால், டாஸ்க், பாலிசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தேடும். 2016 அக்டோபரில் அது மால்வேர்பைட்ஸ் கைக்குப் போனது, இன்றும் இலவசம். காசு வாங்காமல் இப்படி எழுதிக் கொடுத்தவர்களுக்கு எங்களைப் போன்ற சின்ன ஊர்க் கடைகள் பட்ட கடன் பெரியது.

ஆனால் ஊரில் பெரும்பாலான கடைகளின் மருந்து ஒன்றுதான்: “ஃபார்மேட் அடிச்சிருவோம்.” முந்நூறு, ஐந்நூறு ரூபாய், அரை நாள் வேலை, கேள்வி கிடையாது. கடைக்காரருக்கு அது சுலபம். சிஸ்டத்தின் சொந்தக்காரருக்கு அப்படியில்லை. டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமென்ட்ஸிலும் இருப்பதெல்லாம் சி டிரைவில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கல்யாணப் படம், பிராஜெக்ட், இறந்துபோன தகப்பனாரின் ஒரே படம் என்று போனவற்றை நினைத்துக் கண்கலங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அண்ணாச்சி இதில் கண்டிப்பானவர். “எடுக்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லு, கேக்காம அடிக்காதே” என்பார். இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஃபார்மேட் அடித்துப் போடும் திருட்டு விண்டோஸ் சிடிக்கள் சிலவற்றிலும், அதை உண்மையானது போல் காட்டுவதற்கான கிராக்கிலும்கூட ஹோம்பேஜை மாற்றும் நிரல்கள் இருந்தன. ஆட்வேரை விரட்டக் கொடுத்த காசுக்கு ஆட்வேரே திரும்ப வந்தது.

விவரம் தெரியாதவர்கள்தான் மாட்டுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு நடந்தவை சிலவற்றைச் சொல்கிறேன். நெட்வொர்க் வல்லுநர்கள் பயன்படுத்தும் என்மேப் நிரலை, டவுன்லோட்.காம் தளம் தன் சொந்த நிறுவிக்குள் டூல்பாரோடு சேர்த்து வைத்தது; அதை எழுதிய கோர்டன் லயன் 2011 டிசம்பரில் வெளிப்படையாகக் கண்டித்தார். கட்டற்ற மென்பொருள்களின் தாய்வீடாக மதிக்கப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜ், 2015இல் கிம்ப் நிரலின் விண்டோஸ் பதிப்பையே விளம்பர நிறுவிக்குள் வைத்துக் கொடுத்துக் கெட்ட பெயர் வாங்கியது.

எல்லாவற்றிலும் கனமானது சூப்பர்ஃபிஷ். 2014 செப்டம்பர் வாக்கில் தொடங்கி லெனோவோ தன் மடிக்கணினிகள் சிலவற்றில் இந்த ஆட்வேரைத் தொழிற்சாலையிலேயே ஏற்றி விற்றது. எதையும் இறக்காதவர், எதையும் அழுத்தாதவர், பெட்டியைப் பிரிக்கும்போதே ஆட்வேர் உள்ளே. பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருகுவதற்காக அது விண்டோஸில் தன் சொந்த மூலச் சான்றிதழைப் பதித்தது. எல்லா மெஷின்களிலும் ஒரே சான்றிதழ், ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தபோது, ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்திலேயே அந்தச் சாவியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். அதாவது அந்த மெஷினில் வங்கிப் பக்கம் திறப்பவரை, பொது வைஃபையில் இருக்கும் எவரும் ஏமாற்ற முடியும். நிரலை நீக்கினாலும் சான்றிதழ் உள்ளேயே இருந்தது. அதைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. லெனோவோ நீக்கும் கருவியை வெளியிட்டது. 2017இல் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசியும் 32 மாநிலங்களும் அதனுடன் சமரசத்துக்கு வந்தன. சூப்பர்ஃபிஷ் செய்தியைப் படித்த பிறகு, சான்றிதழ் பட்டியலையும் பார்க்காமல் ஒரு மெஷினைக்கூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

2017 ஜூனில் செக் பாயின்ட் நிறுவனம் ஃபயர்பால் என்ற பிரவுசர் கடத்தல் நிரலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. உலகில் 25 கோடிக்கு மேற்பட்ட கணினிகள், அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 2.5 கோடி என்று அது மதிப்பிட்டது. எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. கணக்கு எதுவானாலும், பட்டியலில் இந்தியா முதலிடத்தில் இருந்ததில் எனக்கு வியப்பில்லை. தடுப்புக்குள் உட்கார்ந்து நான் பார்த்தது அதைத்தான்.

குரோம் 2014 மே மாதத்திலிருந்து விண்டோஸில் தன் ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டென்ஷன்களைத் தடுத்தது. டூல்பார்களின் காலம் மெல்ல முடிந்தது. நான் கடையை விட்டு வேறு வேலைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் சொந்தக்காரர்களும் பழைய வாடிக்கையாளர்களும் இன்னும் கூப்பிடுகிறார்கள். இப்போது எல்லாம் ஃபோன். ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று ஒரு பக்கம் கேட்கும். அழுத்தினால் அந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப உரிமை பெற்றுவிடும். பிறகு இரவு பகலாக ‘உங்கள் ஃபோனில் வைரஸ்’ என்றும், முகம் சுளிக்க வைக்கும் படங்களோடும் அறிவிப்புகள். இங்கேயும் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி, “நீ என்ன பார்த்தாய்?” என்பதுதான்.

பெற்றோரே, கணவன்மாரே, அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். குரோமில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் நீக்குங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால், படங்கள் முதன்முதலில் வரத் தொடங்கிய நாளில் புதிதாக ஏறிய ஆப் எது என்று பார்த்து அதை எடுங்கள். கணினியாக இருந்தால் நிரல் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குங்கள். கடைக்குக் கொண்டுபோகும்போது, கேட்காமல் ஃபார்மேட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்யுங்கள். அடுத்த முறை அவளே எடுத்துவிடுவாள்.